புகைக்குழாயின் சாட்சிகள்: வாசகர் கேள்வி – பதில்

கார் பராமரிப்பு குறித்து இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செக் என்ஜின் விளக்கைப் பற்றியும், அதை எரியவைக்கும் புகைக்குழாய்ச் சென்சார்களைப் பற்றியும் இருந்தன. ஆகவே மற்றவற்றை ஒதுக்கிவைத்து, இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: புதிய கார்களின் புகைக்குழாயில் எத்தனை சென்சார்கள் இருக்கின்றன? புகையில் எவ்வளவு நச்சு கலந்திருக்கிறது என்பதை அவை அளந்து சொல்கின்றனவா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், இங்கு வந்திருக்கும் குழப்பங்களில் பாதி அதிலிருந்துதான் பிறக்கிறது. வழக்கமான பெட்ரோல் காரின் புகைக்குழாயில் உள்ள சென்சார் எதுவும் கார்பன் மோனாக்சைடையோ, எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பனையோ அளப்பதில்லை. அது அளப்பது எரிந்து முடிந்த வாயுவில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை மட்டுமே. அந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு, எரிபொருள் அதிகமாகச் சென்றதா, குறைவாகச் சென்றதா, புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) வேலை செய்கிறதா என்பதையெல்லாம் ஈசியூ எனப்படும் என்ஜின் கணினி ஊகித்துக்கொள்கிறது. சென்சார் தான் கண்டதை மட்டும் சொல்லும் சாட்சி. குற்றவாளி யார் என்று முடிவு செய்வது அதன் வேலையாக இருந்ததே இல்லை. ஈசியூவோடு இணைத்துக் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் ஒரு சென்சாரின் பெயர் தெரிந்தவுடன் அதையே கழற்றி மாற்றுகிறவர்கள் சாட்சியைத் தண்டிக்கிறார்கள் என்றே சொல்வேன்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரில் பொதுவாக இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கும்: வினையூக்கி மாற்றிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வி வடிவ என்ஜின்களில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக, மொத்தம் நான்கு இருக்கலாம். ‘பேங்க் 1, சென்சார் 2’ என்று ஸ்கேனர் காட்டினால், முதலாம் சிலிண்டர் இருக்கும் பக்கத்தில் மாற்றிக்குப் பின்னால் உள்ள சென்சார் என்று பொருள். டீசல் காரில் கூட்டம் அதிகம். ஆக்சிஜன் சென்சாருடன் வெப்பநிலைச் சென்சார்கள் சில, புகைத்துகள் வடிகட்டியின் முன்பின் அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சார், நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் ஒன்றோ இரண்டோ, சில கார்களில் புகைத்துகளுக்கென்றே தனிச் சென்சார் ஆகியவை இருக்கும். மாசுப்பொருளையே நேரடியாக உணர முயல்பவை கடைசியில் சொன்ன இரண்டு வகை மட்டுமே.

கேள்வி: ஆக்சிஜன் சென்சார் பேட்டரியே இல்லாமல் தானாக மின்னழுத்தம் உண்டாக்கும் என்கிறார்களே, அது எப்படி?

பதில்: உண்மைதான். சென்சாரின் முனையில், துளைகள் கொண்ட உலோகக் கவசத்துக்குள், இட்ரியம் ஆக்சைடு கலந்த சிர்க்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. அதன் இரு பக்கங்களிலும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு உண்டு. ஒரு பக்கம் புகையில் நனைகிறது. மறுபக்கம் வெளிக்காற்றைத் தொடுகிறது. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அந்தப் பீங்கான் ஆக்சிஜன் அயனிகளுக்கு வழிவிடத் தொடங்குகிறது. இரு பக்கங்களிலும் உள்ள ஆக்சிஜன் அளவு எவ்வளவு வேறுபடுகிறதோ, அதற்கேற்ப ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் சுமார் 0.1 வோல்ட், எரிபொருள் கூடி ஆக்சிஜன் தீர்ந்துபோயிருந்தால் 0.8 முதல் 0.9 வோல்ட் வரை. இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 0.45 வோல்ட்டில், அளவான கலவைக்குரிய எல்லை நிற்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று என்பதே அந்த அளவான கலவை. இந்தக் கணக்கு நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய வேதியியலாளரின் சமன்பாட்டிலிருந்து வருகிறது. அவரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதே சிர்க்கோனியா–இட்ரியா கலவையைச் சூடேற்றி ஒரு மின்விளக்கு செய்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

1976-ல் பாஷ் நிறுவனம் இந்தச் சென்சாரைக் கார்களுக்காக உற்பத்தி செய்யத் தொடங்கியது. அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற வோல்வோ கார்களில் அது முதலில் இடம்பெற்றது. அப்போது சென்சாரைச் சூடாக்குவதற்குப் புகையின் வெப்பத்தை விட்டால் வேறு வழி இல்லை. பின்னர் உள்ளேயே மின்சூடேற்றி வைத்தார்கள். அதனால் என்ஜினை இயக்கிய சில நொடிகளிலேயே சென்சார் வேலைக்கு வந்துவிடுகிறது. இது சிறிய முன்னேற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. வினையூக்கி மாற்றி 250 முதல் 300 டிகிரியை எட்டும்வரை அநேகமாகச் சும்மா இருக்கிறது என்பதால், ஒரு சிறு பயணத்தில் வெளியேறும் ஹைட்ரோகார்பனில் பெரும்பங்கு முதல் ஓரிரு நிமிடங்களிலேயே போய்விடுகிறது. அந்த நேரத்தில் கணினிக்கு எவ்வளவு விரைவில் கண் திறக்கிறதோ அவ்வளவு நல்லது.

இன்றைய கார்கள் பலவற்றில் மாற்றிக்கு முன்னால் இருப்பது இந்தப் பழைய வகை அன்று. அகன்ற வீச்சுச் சென்சார் எனப்படும் வேறொரு வகை. பழையது ‘கூடுதல்’, ‘குறைவு’ என்ற இரண்டு சொற்களை மட்டும் அறியும். புதியதோ, உள்ளே உள்ள சிறு அறையில் ஆக்சிஜனை மின்சாரத்தால் இறைத்தும் நிரப்பியும் எப்போதும் ஒரே நிலையில் வைத்திருக்க முயல்கிறது; அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதைக் கொண்டு, கலவை எவ்வளவு விலகியிருக்கிறது என்றே சொல்லிவிடுகிறது. மல்டிமீட்டரை வைத்து 0.1, 0.9 என்று தேடுகிற பழைய சோதனை இந்த வகையிடம் செல்லாது. இதை அறியாமல் நல்ல சென்சாரைப் பழுது என்று தள்ளுகிறவர்கள் உண்டு.

கேள்வி: செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0420 என்ற குறியீடு வந்தது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். காரோ நன்றாகவே ஓடுகிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியிருக்கலாம், ஆனால் குறியீட்டை மட்டும் பார்த்து மாற்றக் கூடாது. அந்தக் குறியீடு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கும்.

வினையூக்கி மாற்றிக்கு மூன்று வேலைகள். கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் ஆக்சிஜனோடு சேர்க்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளிடமிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த வேலைகளை ஒரே இடத்தில் செய்வதற்காக, ஆக்சிஜன் மிஞ்சும்போது அதை வாங்கி வைத்துக்கொண்டு, குறையும்போது திருப்பித் தரும் சீரியம் ஆக்சைடைப் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றோடு சேர்த்து உள்ளே பூசியிருக்கிறார்கள். முன்சென்சாரைக் கேட்டுக்கொண்டே ஈசியூ எரிபொருளைச் சற்றே கூட்டியும் குறைத்தும் செலுத்துகிறது. மாற்றி நலமாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கங்களை அது விழுங்கிவிடும். பின்சென்சாருக்குத் தெரிவது ஏறத்தாழ அசையாத ஒரு கோடு, பெரும்பாலும் 0.6, 0.7 வோல்ட்டை ஒட்டி. மாற்றி சேமிப்புத் திறனை இழந்தால் பின்சென்சாரும் மேலும் கீழும் துள்ளத் தொடங்கும். அந்தத் துள்ளல் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் பி0420. ஆக, மாற்றிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வாசலில் நிற்கும் ஆக்சிஜன் சென்சார் சொன்னதிலிருந்து எட்டிய முடிவு அது.

உங்கள் மெக்கானிக்கிடம் நேரடித் தரவைத் திரையில் வரைபடமாகக் காட்டச் சொல்லுங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நிமிடத்துக்கு 2500 சுழற்சியில் நிலையாக வைத்துப் பின்சென்சாரின் கோட்டைப் பாருங்கள். பிறகு ஆக்சிலேட்டரைச் சட்டென அழுத்தும்போது அந்தக் கோடு 0.8-க்கு மேல் ஏறுகிறதா என்று கவனியுங்கள். அடுத்து, காரை ஓட்டிச் சென்று, கியரில் இருக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். எரிபொருள் துண்டிக்கப்பட்டுக் காற்று மட்டும் குழாயில் போகும் அந்த நேரத்தில் கோடு பூச்சியத்தை ஒட்டி இறங்க வேண்டும். இந்த இரண்டையும் அது ஒழுங்காகச் செய்தால் பின்சென்சார் நலம். முன்சென்சார் மாறிய பிறகு பின்சென்சார் எவ்வளவு தாமதித்து மாறுகிறது என்பதையும் இதே வரைபடத்தில் காணலாம். அந்தத் தாமதம்தான் மாற்றியின் சேமிப்புத் திறன். தாமதமே இல்லாமல் இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டு ஓடினால் மெக்கானிக் சொல்வது சரி.

அதற்கு முன்பும் ஒரு வேலை இருக்கிறது. புகைக்குழாயின் இணைப்புகளில், குறிப்பாகப் பின்சென்சாருக்கு முன்னால் உள்ள கேஸ்கெட்டில், ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இயக்கி, இணைப்புகளின் ஓரத்தில் கரிய தடம் படிந்திருக்கிறதா, ‘டிக் டிக்’ என்ற ஓசை வருகிறதா என்று கவனித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஓட்டை வழியே புகை வெளியே போவது மட்டும் நடப்பதில்லை. ஒரு புகைத் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே குழாயின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும் கணத்தில் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சென்சார் அந்தக் காற்றின் ஆக்சிஜனையும் சேர்த்தே எண்ணும்.

மாற்றி உண்மையிலேயே செத்திருந்தால், அதைக் கொன்றது எது என்ற கேள்விக்கு விடை காணாமல் புதியதைப் பொருத்தாதீர்கள். வினையூக்கி மாற்றி முதுமையால் சாவதைவிட என்ஜினின் குறைகளால் சாவதே அதிகம். எரியும் என்ஜின் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், சிலிண்டருக்குள் கசியும் குளிர்விப்பான் திரவம் (கூலன்ட்), எரியாமல் போய் மாற்றிக்குள் தீப்பிடிக்கும் பெட்ரோல் ஆகியவை அதைக் கொல்லும். காரணம் அப்படியே இருந்தால் புதியதும் அதே வழியில் போகும். மலிவான மாற்றிகளில் விலையுயர்ந்த உலோகங்களின் அளவு குறைவாக இருப்பதால், பொருத்திய சிறிது காலத்திலேயே அதே குறியீடு திரும்புவதும் வழக்கம்.

கேள்வி: விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் வேறுபாடு உண்டா?

பதில்: பெரிய வேறுபாடு உண்டு. நிலையாக எரிந்தால் விரைவில் பாருங்கள் என்று பொருள். மின்னினால், மாற்றியை உருக்கக்கூடிய அளவுக்கு மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் எரியாமல் போவது, நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ‘கலவை மெலிவு’ என்று பி0171 குறியீடு வந்ததால் முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரை மாற்றினோம். விளக்கு மீண்டும் எரிந்தது. சென்சார் தரமற்றது என்று வேறொன்று வாங்கி மாற்றினோம். மூன்றாவது முறையும் அதே குறியீடு. என்ன செய்வது?

பதில்: சென்சாரை விட்டுவிடுங்கள். காற்று கூடுதல், எரிபொருள் குறைவு என்று மூன்று சென்சார்கள் ஒன்றுபோலச் சொல்லியிருக்கின்றன, நம்ப வேண்டியதுதான். கணினி எரிபொருளைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, தனக்கு அனுமதிக்கப்பட்ட எல்லையை எட்டிய பிறகுதான் இந்தக் குறியீட்டைப் பதிவு செய்கிறது.

ஸ்கேனரில் ‘ஃப்யூயல் டிரிம்’ என்ற இரண்டு எண்கள் தெரியும். குறுகிய கால டிரிம் அந்தக் கணத்தின் திருத்தம். நீண்ட கால டிரிம் கணினி கற்று வைத்துக்கொண்ட திருத்தம். இரண்டின் கூட்டுத்தொகை 10 சதவீதத்தைத் தாண்டிக் கூட்டலிலேயே நின்றால் தேட வேண்டிய குறை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கார்களில் 20, 25 சதவீதத்தை ஒட்டிய இடத்தில் குறியீடு பதிவாகிறது. எங்கே தேடுவது என்பதையும் இந்த எண்களே சொல்லும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாமல் என்ஜின் ஓடும்போது, திருத்தம் மிக அதிகமாக இருந்து, 2500 சுழற்சியில் குறைந்துவிட்டால், வெடித்த வேக்குவம் ஹோஸ் வழியாகவோ இன்டேக் கேஸ்கெட் வழியாகவோ அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. மொத்தக் காற்று குறைவாக இருக்கும் ஐடிலிங்கில்தான் அந்தக் கசிவு பெரிதாகத் தெரியும். மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து, மேடேறும்போதும் வேகமெடுக்கும்போதும் திருத்தம் ஏறினால், எரிபொருள் பம்பு, ஃபில்டர், அழுக்கேறிய காற்றோட்ட அளவி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

மிஸ்ஃபயர் இன்னும் வேடிக்கையானது. இதில் நல்ல அனுபவசாலிகளும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இக்னிஷன் காயில் பழுதாகி ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், அதன் பெட்ரோல் முழுவதும் புகைக்குழாய்க்குப் போகிறது, வாசனையே அடிக்கும். ஆனால் அந்தச் சிலிண்டருக்குள் போன ஆக்சிஜனும் செலவாகாமல் வெளியே வருகிறதல்லவா? சென்சாருக்குப் பெட்ரோலை எண்ணத் தெரியாது, ஆக்சிஜனைத்தான் தெரியும். ‘ஆக்சிஜன் மிஞ்சுகிறது, கலவை மெலிந்திருக்கிறது’ என்று அது உண்மையாகவே சொல்கிறது. கணினி எல்லாச் சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. புகைக்குழாயில் பெட்ரோல் நாற்றம், திரையில் ‘மெலிவு’. இந்த முரண்பாட்டைப் பார்த்ததும் சென்சார் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டுவது இயல்புதான். ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பார்த்த பிறகு அந்த முடிவுக்கு வாருங்கள்.

சென்சாரையே நேரடியாகக் குற்றம் சொல்லும் குறியீடுகளும் உண்டு. பி0135 முன்சென்சாரின் சூடேற்றிச் சுற்றைப் பற்றியது. அப்போதும் முதலில் ஃப்யூஸ், பிறகு இணைப்பான், அதன் பிறகே சென்சார் என்ற வரிசையில் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்காது. தூய எத்தனாலுக்கு எடையில் சுமார் 9 பங்கு காற்றே போதும். ஆகவே கலப்பு கூடக் கூட, அதே காற்றுக்குச் சற்று அதிக எரிபொருள் வேண்டும். சென்சார் பார்ப்பது மிஞ்சிய ஆக்சிஜனை என்பதால், எந்த எரிபொருளாக இருந்தாலும் அளவான கலவையின் எல்லை அதற்கு ஒன்றுதான். நீண்ட கால டிரிம் சில புள்ளிகள் மேலே ஏறி நிற்கும், அவ்வளவே. ரப்பர் பாகங்களும் எரிபொருள் செலவும் தனிக் கேள்விகள். அவற்றைச் சென்சாரோடு முடிச்சுப் போட வேண்டாம்.

கேள்வி: டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் அடிக்கடி பழுதாகிறது என்கிறார்கள். விலையும் மிக அதிகம். யூரியா திரவம் தீர்ந்தால் கார் கிளம்பவே கிளம்பாது என்பதும் உண்மையா?

பதில்: டீசல் என்ஜின் எப்போதும் மிகுதியான காற்றோடு எரிவதால், பெட்ரோல் காரின் மூவழி மாற்றி அங்கே நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்காது. அதனால் 32.5 சதவீத யூரியாக் கரைசலைச் சூடான புகையில் தெளித்து, அதிலிருந்து பிறக்கும் அம்மோனியாவைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறார்கள். எவ்வளவு தெளிப்பது, தெளித்தது பலித்ததா என்பதைச் சொல்வதற்கே இந்தச் சென்சார்.

இதன் வேலை கடினமானது. ஒரு சிர்க்கோனியாத் துண்டுக்குள் இரண்டு சிறு அறைகள். முதல் அறையில் புகையின் ஆக்சிஜனை அநேகமாக முழுவதும் இறைத்து வெளியேற்றுகிறது. இரண்டாவது அறையில், எஞ்சிய நைட்ரிக் ஆக்சைடை உடைத்து, அந்த உடைப்பில் விடுபடும் ஆக்சிஜனை மைக்ரோ ஆம்பியர் அளவிலான மின்னோட்டமாக எண்ணுகிறது. இவ்வளவு நுண்ணிய மின்னோட்டம் நீண்ட வயரில் தாக்குப்பிடிக்காது. ஆகவே கணக்கிடும் மின்னணுப் பெட்டியும் சென்சாரோடு நிரந்தரமாகக் கோக்கப்பட்டே வருகிறது. விலை அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பழுதாவதற்கு முதல் எதிரி தண்ணீர். செந்தழலாய்ச் சூடான பீங்கானில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் விரிசல் விழும். அதனால் புகைக்குழாய் உலர்ந்துவிட்டது என்று கணினி கணித்த பிறகே சூடேற்றிக்கு முழு மின்சாரம் தரப்படுகிறது. குழாய் சூடாவதற்குள் நிறுத்திவிடும் குறும்பயணங்களையே செய்யும் காரில், நீர் தேங்கிக்கொண்டே போகிறது. சென்சாருக்கோ விழித்திருக்கும் நேரமே கிடைப்பதில்லை. இரண்டாவது எதிரி, தெளிப்பான் கோளாறால் வெள்ளையாகப் படியும் யூரியா உப்பு.

இந்தச் சென்சாருக்கு ஒரு குறையும் உண்டு: அம்மோனியாவையும் நைட்ரஜன் ஆக்சைடு என்றே எண்ணிவிடும். யூரியா தேவைக்கு மேல் தெளிக்கப்பட்டு அம்மோனியா வழிந்தாலும், ‘நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது’ என்றே அது சொல்லும். தெளிப்பின் அளவை வேண்டுமென்றே மாற்றிப் பார்த்து, அளவீடு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கொண்டு கணினி இரண்டையும் பிரித்தறிய முயல்கிறது. யூரியாத் திரவத்தில் தண்ணீர் கலந்தாலோ, பழைய திரவம் நாள்பட்டுச் சிதைந்திருந்தாலோ, பழி இந்தச் சென்சார் மீதே விழும். எனவே சென்சாரை வாங்குவதற்கு முன் தொட்டியில் இருப்பதைச் சோதிக்கச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு.

கார் கிளம்பாது என்பதும் பல கார்களில் உண்மையே. ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் நின்றுவிடாது. இன்னும் இத்தனை கிலோமீட்டர் என்று எச்சரித்து, அந்த எண்ணிக்கை பூச்சியமான பின் ஒருமுறை அணைத்தால், மீண்டும் இயங்க மறுக்கும். யூரியா ஊற்றாமலே ஓட்டிவிடலாம் என்று எண்ணுகிறவர்களை மனத்தில் வைத்து விதியிலேயே எழுதப்பட்ட ஏற்பாடு இது.

கேள்வி: டிபிஎஃப் எனப்படும் டீசல் புகைத்துகள் வடிகட்டி நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது. வடிகட்டியைக் கழற்றிக் கழுவியும் பயனில்லை.

பதில்: வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருந்து வரும் இரண்டு மெல்லிய குழல்களைப் பாருங்கள். அவை அழுத்த வேறுபாட்டுச் சென்சாருக்குப் போகின்றன. ஒன்றில் விரிசலோ அடைப்போ இருந்தால் சென்சார் தவறான வேறுபாட்டைத்தான் காணும். இக்னிஷன் மட்டும் போட்டு, என்ஜினை இயக்காமல் ஸ்கேனரில் அந்த அளவீட்டைப் பாருங்கள். காற்றோட்டமே இல்லாத அந்த நிலையில் அது பூச்சியமாகவோ பூச்சியத்தை ஒட்டியோ இருக்க வேண்டும். இல்லையென்றால் வடிகட்டியைக் கழுவியது வீண். அளவீடு சரியாக இருந்தும் எச்சரிக்கை போகவில்லையென்றால், ஏறத்தாழ 600 டிகிரியில் படிவை எரித்துத் தீர்க்கும் சுத்திகரிப்பு ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுபோகிறதா என்று கேளுங்கள். அதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து, ஆயில் மட்டம் ஏறியிருந்தால் அதுவே தடயம். என்ஜின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் மட்டும் எந்த வெப்பத்திலும் எரிந்து போகாது. மிக நீண்ட தூரம் ஓடிய வடிகட்டியில் நிரம்பியிருப்பது அதுவாக இருக்கலாம்.

கேள்வி: புகைச் சோதனைக்குப் போகும் முன் ஸ்கேனரில் குறியீட்டை அழித்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. அழிக்கும்போது குறியீட்டோடு ‘ரெடினஸ்’ எனப்படும் தன்சோதனை முடிவுகளும் அழிகின்றன. மாற்றியையும் சென்சார்களையும் கணினி மறுபடி சோதித்து முடிக்க, குளிர்ந்த தொடக்கம், நிலையான வேகம், கால் எடுத்த ஓட்டம் என்று பலவகை ஓட்டங்கள் தேவை. அதுவரை ‘சோதனை முடியவில்லை’ என்றே காட்டும். கணினியோடு இணைத்துப் பார்க்கும் சோதனை மையத்தில் இது உடனே தெரிந்துவிடும். குழாயில் கருவியை வைத்து அளக்கும் மையத்திலோ குறியீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் புகை ஒன்றுதான்.

கேள்வி: இத்தனை சென்சார்கள் காரிலேயே இருக்கும்போது, 2015-ல் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் நடந்த மோசடி எப்படி நடந்திருக்க முடியும்?

பதில்: நல்ல கேள்வி. காரில் உள்ள சென்சார் அரசுக்குச் சேதி அனுப்புவதில்லை. உற்பத்தியாளர் எழுதிய மென்பொருளுக்குச் சொல்கிறது. அந்த மென்பொருள் ஸ்டீயரிங் நிலை, வேகம், ஓடும் நேரம் முதலியவற்றைக் கொண்டு ஆய்வகச் சோதனையை அடையாளம் கண்டு, அங்கே மட்டும் மாசுக்கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கியது, சாலையில் தளர்த்திவிட்டது. இதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015 செப்டம்பரில் வெளிப்படுத்தியது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. சென்சார்கள் உண்மையைச் சொல்லியிருந்தாலும் கேட்பவர் அதை ஒழுங்காகக் கேட்கும்படி எழுதப்படவில்லை.

உண்மையை வெளிக்கொண்டுவர உதவியவை மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் காரின் பின்புறம் ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பார்த்த எடுத்துச் செல்லக்கூடிய அளவைக் கருவிகள். அத்தகைய கருவிகளைக் கொண்டு செய்யும் சாலைச் சோதனை 2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பாவில் புதிய வகைக் கார்களுக்குக் கட்டாயமானது. காரின் சொந்தச் சென்சார்களை மட்டும் நம்பிச் சான்றளிக்க முடியாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: மாற்றியை எடுத்துவிட்டு, பின்சென்சாருக்கு, அதைப் புகையிலிருந்து சற்றே தள்ளி வைக்கும் ஒரு ‘ஸ்பேசர்’ போட்டால் விளக்கு எரியாது என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா?

பதில்: கூடாது. விளக்கு அணையலாம், நச்சு வாயு அப்படியே வெளியேறும். பெரும்பாலான நாடுகளில் அது சட்டமீறலும் ஆகும்.

கேள்வி: ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிக் கிளீனர் தெளித்துச் சுத்தம் செய்யலாமா? நாமே மாற்றுவதென்றால் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சுத்தம் செய்வதால் பயன் இல்லை. மேலே தெரியும் கரி, கலவை சரியானால் ஓட்டத்திலேயே எரிந்துபோகும். உள்ளே உள்ள பிளாட்டினத்தை மூடிவிட்ட சிலிக்காவோ ஈயமோ எந்தத் திரவத்துக்கும் போகாது. ஆனால் கழற்றிய முனையை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. உலர்ந்த கரிய படிவு எரிபொருள் மிகுதியைக் காட்டும். சுண்ணாம்புபோல் வெண்மையாக இருந்தால், கேஸ்கெட் ஒட்டப் பயன்படுத்திய சிலிக்கோன் பசையின் ஆவியோ, உள்ளே கசியும் குளிர்விப்பானோ காரணமாக இருக்கலாம். அந்தக் காரணத்தைத் தீர்க்காமல் புதியதைப் பொருத்த வேண்டாம்.

கழற்றுவதற்கு, வயர் நுழைய ஒரு பக்கம் பிளவுள்ள 22 மி.மீ. சாக்கெட் வேண்டும். குழாய் கைபொறுக்கும் அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது மரை எளிதில் இளகும். புதிய சென்சாரின் மரையில் பெரும்பாலும் தேவையான பசை தடவியே வரும். மேலும் தடவ வேண்டாம், முனையில் ஒரு துளியும் படக் கூடாது. வழக்கமான 18 மி.மீ. மரைக்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். கையிலிருந்து கீழே விழுந்த சென்சாரைப் பொருத்தாதீர்கள். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே பீங்கான் விரிந்திருக்கலாம்.

வயரை வெட்டி ஈயம் வைத்து ஒட்டுவதையும், இணைப்பானில் கிரீஸ் தடவுவதையும் தவிருங்கள். பல சென்சார்களில், ஒப்பிடுவதற்கு வேண்டிய வெளிக்காற்று வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்த வழி அடைபட்டால், புத்தம் புதிய சென்சாரும் தவறாகவே அளக்கும்.